கடைசி அறைக்கும் வெப்பம்

நிழலைத் தேடி வாழும் மண்ணிலே பிறந்தவர்களுக்கு, வெப்பத்தை விலைகொடுத்து வாங்கி, அதனைக் குழாய் வழியே அறை அறையாக அனுப்பிவைக்கும் வீட்டைக் கற்பனை செய்வது எளிதன்று. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் வேப்பமர நிழலே செல்வம். இங்கிலாந்தின் தை மாதத்திலோ வெப்பமே செல்வம். அந்தச் செல்வத்தை ஒரு வீட்டிலுள்ளோர் யாவரும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் பற்றி ஒரு குடும்ப ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் வினவலாம். நம் பங்குகளிலே குளிர் நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த குடும்பங்கள் பல. முதிய வயதில் அப்பிள்ளைகளை நாடிச் செல்லும் பெற்றோரும் பலர். அவர்கள் உறங்கும் அறை சூடாக இருக்கின்றதா என்பது நாம் அனைவரும் கேட்டறிய வேண்டிய செய்தியே அன்றோ?

குளிர்ந்த அறை

எங்கள் அன்னையார் தமது 79ஆம் வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார். முழங்கால் நோவினால் மாடிப்படி ஏற இயலாதவர். ஆகவே கீழ்த்தளத்தின் பின்புறத்திலிருந்த சிறிய அறையை அவருக்கு ஒதுக்கினோம். அவ்வறை, வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியது. மற்ற அறைகளிலெல்லாம் சுவரோரம் ரேடியேற்றர் எனப்படும் வெப்பத்தகடு இருந்தது. அங்கு மட்டும் இல்லை. ஒரு சிறிய மின்சார ஹீற்றரை வைத்துக் கொடுத்தோம். இந்நாட்டில் மின்சாரம் எரிவாயுவைக் காட்டிலும் பன்மடங்கு விலை. இதனை எவரோ அன்னையாரிடம் சொல்லிவிட்டனர்.

அன்று முதல், நாங்கள் உறங்கச் சென்றதும் அவர் எழுந்து ஹீற்றரை நிறுத்திவிடுவார். விடியற்காலையில் அவ்வறையின் வெப்பமானி 13 பாகை காட்டும். கேட்டால், "எனக்கு ஒண்டும் குளிரேல்லை, பிள்ளை. அதை நிப்பாட்டுங்கோ, கறண்ட் காசு ஏறப்போகுது" என்பார். செபமாலையைப் பிடித்திருக்கும் விரல்களோ நீலம் பாய்ந்திருக்கும். மார்கழி முழுவதும் இருமல் நீங்கவில்லை.

பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று முதியோர் எண்ணுவது ஒரு நற்பண்பே. ஆயினும் அந்நற்பண்பே அவர்தம் உயிருக்கு ஊறு செய்யக்கூடும். குளிர்ந்த காற்று மூச்சுக்குழல்களைச் சுருக்குகிறது. குளிரிலே இரத்த அழுத்தம் உயர்கிறது. வீட்டினுள் வெப்பம் 18 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்றும், முதியோர், குழந்தைகள், நோயாளர் ஆகியோருக்கு அதனிலும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. அன்னையாரோடு வாதாடுவதிற் பயனில்லை. அவர் நிறுத்த நினையாத வெப்பமே வேண்டும். ஆகவே, வீட்டின் பொது வெப்ப அமைப்பிலிருந்தே அவ்வறைக்கும் ஒரு ரேடியேற்றர் வைப்பதெனத் தீர்மானித்தோம்.

வெப்பம் செல்லும் வழி

இவ்வமைப்பை நம் நாட்டவர்க்குச் சிறிது விளக்குதல் நலம். வீட்டின் ஓரிடத்தில் எரிவாயுவால் எரியும் பொயிலர் உண்டு. அது நீரைச் சூடாக்குகிறது. ஒரு பம்பு அந்நீரைப் போகும் குழாய் வழியே தள்ளுகிறது. ஒவ்வொரு ரேடியேற்றரின் ஒரு முனையிலும் சுடுநீர் புகுந்து, தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, மறுமுனையால் வெளியேறி, திரும்பும் குழாயைச் சேர்ந்து பொயிலருக்கே மீள்கிறது. நீர் செலவாவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் உடலிலே இருதயமும் நாளங்களும் செய்யும் வேலையைப் போன்றது இது.

புதிய ரேடியேற்றர் ஒன்றைச் சேர்ப்பதென்றால், போகும் குழாயை ஓரிடத்திலும் திரும்பும் குழாயை ஓரிடத்திலும் வெட்டி, மும்முனை இணைப்புகளைப் பொருத்தி, அங்கிருந்து இரு கிளைக்குழாய்களை அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரு கிளைகளையும் தவறுதலாக ஒரே குழாயில் இணைத்தால் நீர் ஓடாது; தகடு குளிர்ந்தே கிடக்கும்.

பொயிலரின் எரிவாயுப் பகுதியில் கைவைக்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை. பிரித்தானியாவில் 2009 முதல் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் பதிந்தோர் மட்டுமே எரிவாயு வேலையைத் தொழிலாகச் செய்யலாம். நீர்க்குழாய் வேலைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனினும் அறிந்தோர் செய்வதே முறை.

முதலில் வந்து பார்த்த ஒருவர், காலையில் தொடங்கி மாலைக்குள் பலகைகளை மூடிவிடலாம் என்றார். எவ்வகை இணைப்பு, எங்கே வைப்பது என்று வினவியபோது, கையில் இருப்பதைப் போடுவேன் என்றார். எங்கள் மனம் ஒப்பவில்லை. பின்னர், எங்கள் பங்கைச் சேர்ந்த அயர்லாந்துக்காரர் ஒருவரை ஞாயிறு திருப்பலி முடிந்து அணுகினோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழில் செய்து ஓய்வுபெற்ற பெரியவர். அவர் எதனையும் வாங்கச் சொல்லவில்லை. ஒரு பலகையைக் கழற்றி, கீழே ஓடும் குழாய்களை முதலில் அளந்தார்.

அளவறிந்து வாங்கல்

இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்தில் செப்புக் குழாய்கள் அங்குலத்திலிருந்து மில்லிமீற்றருக்கு மாறின. பழைய அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்பவை குழாயின் உள் அகலத்தைக் குறித்தவை. புதிய 15, 22, 28 மில்லிமீற்றர் என்பவையோ வெளி அகலத்தைக் குறிப்பவை. அரை அங்குலக் குழாயின் வெளி அகலம் ஏறத்தாழ 15 மில்லிமீற்றரே ஆதலால், அதற்குப் புதிய இறுக்கும் இணைப்பு பொருந்திவிடும். முக்கால் அங்குலக் குழாயோ ஏறத்தாழ 21.5 மில்லிமீற்றர். 22 மில்லிமீற்றர் இணைப்பினுள் அது தளர்ந்து நிற்கும். அதற்கெனச் செய்த மாற்று வளையம் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அளவுகோல் மட்டுமே உண்மை சொல்லும். எங்கள் வீட்டில் அந்த அறையின் அருகே சென்ற தலைக்குழாய் அத்தகைய பழைய முக்கால் அங்குலக் குழாயே என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏறத்தாழ 4 மீற்றர் தள்ளி, 15 மில்லிமீற்றர்க் கிளைக்குழாய் ஒன்று சமையலறைக்கும் நடைக்கும் வெப்பம் கொண்டு சென்றது. அதிலிருந்து எடுத்தால் போதுமா? பெரியவர் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 11 பாகை வேறுபாடு இருப்பின், 15 மில்லிமீற்றர்க் குழாய் சுமார் 6 கிலோவாற் வெப்பத்தைச் சுமக்கும். 22 மில்லிமீற்றர் சுமார் 13 கிலோவாற் சுமக்கும். 10 மில்லிமீற்றர்ச் சிறுகுழாய் இரண்டரை அளவே சுமக்கும். அந்தக் கிளையில் ஏற்கெனவே இருந்த இரு தகடுகளும் சேர்ந்து 3 கிலோவாற். அன்னையாரின் அறைக்கு ஒன்றேகால் கிலோவாற் தேவை. ஆகவே போதும், சற்று மிச்சமும் உண்டு. தலைக்குழாய் அருகில் இருந்தும், தூரத்திலிருந்த கிளையையே அவர் தெரிந்தெடுத்தார்.

ரேடியேற்றரைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. விலைப்பட்டியலில் அச்சிட்ட வெப்ப அளவு, தகடு அறையைவிட 50 பாகை கூடுதலாகச் சூடேறியிருக்கும் நிலைக்குரியது. இக்காலப் பொயிலர்கள் நீரை அத்துணை சூடாக்காமல் இயங்கும்போதே எரிபொருளைச் சிக்கனமாக்குகின்றன. எனவே தேவைக்கு மேற்பட்ட அளவுள்ள இரட்டைத் தகட்டை வாங்குவதே அறிவுடைமை. அவ்வாறே வாங்கினோம்.

மூவகை இணைப்புகள்

குழாயைக் குழாயோடு சேர்க்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பற்றவைத்தல். செப்புக் குழாயையும் இணைப்பையும் பளபளப்பாகத் தேய்த்து, பசை பூசி, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, நெருப்பால் சூடாக்கிப் பற்றாசைத் தொடுவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய பற்றாசு அந்த மெல்லிய இடைவெளியெங்கும் தானே ஓடிப் பரவும். முறையாகச் செய்தால் மனித ஆயுளையும் கடந்து நிற்கும், விலையும் குறைவு. ஆயினும் குழாயில் சிறிது நீர் எஞ்சியிருந்தாலும் அது சூட்டைக் குடித்துவிடும், இணைப்பு ஒட்டாது. பழைய அமைப்பிலிருந்து நீரை முற்றாக வடிப்பது அரிது. மேலும், உலர்ந்த மரச்சட்டங்களுக்கு இடையே தீச்சுடரைப் பிடிப்பது ஆபத்து. நடக்க இயலாத ஒருவர் உறங்கும் வீட்டில் அது வேண்டாம் என்றார் பெரியவர்.

இரண்டாவது, இறுக்கும் இணைப்பு. பித்தளை உடல், மறையுள்ள மூடி, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு வளையம். உருவ ஒற்றுமையால் அவ்வளையத்துக்கு ஒலிவம் என்று பெயர். மூடியைத் திருகும்போது ஒலிவம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்கிறது. நீர் கசியும் வழி அடைபடுகிறது. நெருப்பு வேண்டியதில்லை, இரண்டு சாவிகள் போதும். ஒன்று உடலைப் பிடிக்க, மற்றொன்று மூடியைத் திருப்ப. கையால் இறுக்கியபின் ஏறத்தாழ ஒரு சுற்று. மிகையாக இறுக்கினால் ஒலிவம் சிதைந்து, அதனாலேயே கசியும். பிற்காலத்தில் கசிந்தாலும் கால் சுற்றுத் திருப்பிச் சீராக்கலாம்; ஆனால் அதற்குக் கை எட்ட வேண்டும். தரைக்குள் புதைத்துவிட்டால் அந்நன்மை போயிற்று.

மூன்றாவது, தள்ளிச் செருகும் இணைப்பு. குழாயை உள்ளே தள்ளினால், உலோகப் பற்கள் அதனைப் பின்வாங்காமல் பிடிக்கின்றன; இறப்பர் வளையம் நீரை அடைக்கிறது. நொடியில் முடியும் வேலை. அதுவே அதன் சோதனையுமாம். குழாயை வாளால் அறுத்தால் விளிம்பில் பிசிறு நிற்கும். அப்பிசிறு வளையத்தைக் கீறிவிடும். அன்றே கசியாமல், பல மாதம் சென்று கசியவும் கூடும். எனவே குழாய்வெட்டியால் நேராக வெட்டி, விளிம்பை மழித்து, எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்று முன்னரே அடையாளமிட்டுத் தள்ள வேண்டும். பிளாஸ்ரிக் குழாயானால் முனையில் ஒரு சிறு உட்குழலைச் செருகியே இணைக்க வேண்டும். இல்லையேல் குழாயின் வாய் உள்நோக்கி ஒடுங்கிவிடும்.

மறைவில் இணைப்பு வேண்டாம்

இம்மூன்றில் சிறந்தது எது என்று கேட்டோம். சிறந்தது எது என்பதன்று கேள்வி, எந்த இணைப்பு எந்த இடத்துக்கு என்பதே கேள்வி என்றார் பெரியவர். பின்னர் அவர் சொன்ன விதி எளியது: கண் காணாத இடத்தில் இணைப்பே வைக்காதே.

செப்புக் குழாய் கடைகளில் பெரும்பாலும் 3 மீற்றர் நீளத்தில் கிடைக்கிறது. வளைத்துச் செருகவும் முடியாது. சட்டங்களின் ஊடே 4 மீற்றர் கொண்டுசெல்வதென்றால் நடுவழியில் மறைவான இணைப்புகள் தவிர்க்க முடியாதவை. ஆகவே தரைக்கடியில் மட்டும் பிளாஸ்ரிக் குழாயை ஒரே துண்டாக விடுவதென முடிவாயிற்று. அதிலும் வெப்ப அமைப்புக்கென உயிர்வளியைத் தடுக்கும் படலம் வைத்துச் செய்த குழாயே வேண்டும். சாதாரணக் குழாயின் சுவரூடே உயிர்வளி புகுந்தால், இரும்புத் தகடுகள் உள்ளே அரிக்கப்பட்டுக் கருஞ்சேறு படியும். பொயிலரை அடுத்த முதல் ஒரு மீற்றரில் பிளாஸ்ரிக் கூடாது என்பதும் விதி. எங்கள் கிளை அங்கிருந்து வெகு தொலைவு.

மரச்சட்டங்களில் எங்கு வேண்டுமானாலும் துளையிடலாகாது. சட்டத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மேற்படாத துளை, உயரத்தின் நடுவிலே, சுவரிலிருந்து சட்டத்தின் நீளத்தில் கால் பங்குக்கும் பத்தில் நான்கு பங்குக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இருக்க வேண்டும். வெப்பம் கொண்டுவரும் ஆர்வத்தில் வீட்டின் முதுகெலும்பை முறித்துவிடக் கூடாதல்லவா?

இவ்வாறாக, பழைய செப்புக் குழாயில் இரு மும்முனை இறுக்கும் இணைப்புகள். அவற்றின் மேல் ஆணிக்குப் பதிலாகத் திருகாணியிட்ட பலகை, வேண்டும்போது திறக்க. அங்கிருந்து இணைப்பேயில்லாத இரு குழாய்கள், குளிர்ந்த தரைக்கடியில் வெப்பம் வீணாகாதிருக்கப் பஞ்சுறை போர்த்து. அறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியும்படி இரு வால்வுகள். ஒன்று அறையின் சூட்டை உணர்ந்து தானே நீரைக் கூட்டிக் குறைப்பது. மற்றொன்று மூடியுள்ள நிலையான வால்வு. முழு வேலையிலும் எங்கும் தீ மூட்டப்படவில்லை.

பலகையை மூட அவர் உடனே இசையவில்லை. நீரை நிரப்பி, அழுத்தத்தை ஒன்றரை பாருக்கு உயர்த்தி, ஒவ்வோர் இணைப்பின் கீழும் மெல்லிய காகிதத்தை விரித்து இரவு முழுதும் விட்டார். மறுநாள் சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றினார். சூட்டில் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆறிச் சுருங்கும்போதே குறை வெளிப்படும். அவ்வாறே இரண்டாம் நாள் ஆறிய வேளையில் ஒரு காகிதத்தில் நாணய அளவு ஈரம். கால் சுற்று இறுக்கினார், நின்றது. மேலும் ஓர் இரவு காத்தபின், துருவைத் தடுக்கும் மருந்தை நீரில் கலந்து, காற்றை வெளியேற்றி, பலகையை மூடினோம். மாலைக்குள் மூடியிருந்தால் அந்த ஈரம் எவர் கண்ணில் பட்டிருக்கும்?

கடைசிப் பாத்தி

வேலை முடிந்தது என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் அன்னையாரின் தகடு வெதுவெதுப்பாகவே இருந்தது. இணைப்பில் குறையில்லை, பங்கீட்டில்தான் குறை என்றார் பெரியவர். நீர் எளிய வழியையே தேடும். பொயிலருக்கு அருகிலுள்ள தகடுகள் வாரிக் குடித்துவிடுகின்றன. கடைசியில் இருப்பதற்கு மிச்சமே செல்கிறது. அதைச் சீர்செய்ய, அருகிலுள்ளவற்றின் நிலையான வால்வுகளைச் சிறிது சிறிதாக ஒடுக்க வேண்டும். புதிய அறையை மட்டும் தொட்டால் போதாது. வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் சென்று அளந்து திருத்த வேண்டும்.

இதனை அன்னையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அதுவரை போர்வைக்குள் அமைதியாக இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது தோட்டத்துக்குத் தண்ணி கட்டுற கதைதானே! முதல் பாத்தியின்ர வாயைக் கொஞ்சம் கட்டினால்தான் கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகும். கொப்பர் எத்தினை வருஷம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறினவர்!" என்றார். அதனை ஆங்கிலத்தில் கேட்ட பெரியவர் தொப்பியைக் கழற்றி அவருக்குத் தலைவணங்கினார். பின்னர் வீடெங்கும் சென்று வால்வுகளைத் திருத்தியபோது, சுவர்நாற்காலியில் அமர்ந்தபடியே, இன்னும் கொஞ்சம் கட்டுங்கோ என்று ஆணையிட்டவர் அன்னையாரே. எங்களிடம் வந்த நாள்முதல் பாரம் என்று தம்மை எண்ணியிருந்தவர், அன்றுதான் அவ்வீட்டின் தலைவியாகப் பேசினார்.

அவ்விரவிலிருந்து அவ்வறை 19 பாகைக்குக் குறையவில்லை. தனியே நிறுத்தக்கூடிய ஹீற்றரும் அங்கு இல்லை. முழு வீட்டுக்கும் வரும் வெப்பமே தமக்கும் வருகிறது என்பதால் அவரும் மறுக்கவில்லை. தவக்காலம் பிறக்குமுன் இருமல் தணிந்தது. உயிர்த்த ஞாயிறன்று எங்கள் கையைப் பிடித்துக் கோவிலுக்கு வந்தார். கூலி பெற மறுத்த பெரியவருக்கு அன்று எங்கள் வீட்டிலே சோறும் கறியும் பரிமாறினார்.

நாம் பெறும் பாடம்

1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு அர்ப்பணித்தார். 1981இல் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் விடுத்தார். மூடிய பலகைக்கடியில் எவரும் காணாத வேலையையும் ஒழுங்காகச் செய்யும் கைகளைக் காணும்போது, திருச்சபை உழைப்பை ஏன் இத்துணை உயர்வாகப் போற்றுகிறது என்பது விளங்குகிறது. நாசரேத்துத் தச்சுப்பட்டறையிலும் மறைவான மூட்டுகள் இருந்திருக்கும் அன்றோ?

புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், திருச்சபையை மூட்டுகளால் இணைந்து வளரும் உடலுக்கு ஒப்பிடுகிறார். குடும்பமும் அத்தகையதே. குழாய் இடையில் வெடிப்பது அரிது, கசிவதெல்லாம் இணைப்பிலேதான். கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், கடல் கடந்த பிள்ளையும் ஊரிலுள்ள தாயும் சேருமிடங்களே நம் இல்லங்களின் மூட்டுகள். அவற்றை மிகையாக இறுக்கினால் சிதையும், தளரவிட்டால் கசியும், கை எட்டாதபடி மூடி மறைத்தால் திருத்த வழியில்லை. சூடான நாள்களில் தெரியாத ஈரம், உறவு ஆறிய வேளையிலேதான் தெரியும். தெரியும்போதே கால் சுற்றுத் திருப்புவோமாக.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு பேசும் பெற்றோர்களே, சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதுபோல நீங்கள் உறங்கப்போகும் அறையின் சூட்டையும் கேளுங்கள். குளிரும்போது குளிர்கிறது என்று சொல்லுங்கள். அது பாரமன்று, பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. பெற்றோரை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகளே, வீட்டின் கடைசி அறைக்கு முதலில் வெப்பமானியை எடுத்துச் செல்லுங்கள். ஊற்றுக்கு அருகிலிருப்போர் தம் வாயைச் சிறிது ஒடுக்கிக்கொண்டால், இறைவன் தந்த வெப்பம் கடைசிப் பாத்தி வரை தவறாமல் பாயும்.